மலைக்குப் பின்னாலிருந்து முதல் நேயர்

"ஒரு வார்த்தை சொன்னா இருந்துடுவேன்" என்றார் கணவர், மழைக்கோட்டை மடித்துப் பைக்குள் திணித்தபடி.

"என்ன வார்த்தை?"

"அதை நானே சொல்லிக் குடுத்தா அப்புறம் அது உன் வார்த்தையா இருக்காதே."

"உங்க வேலை, உங்க படகு, உங்க ஆறு. நடுவுல நான் யாரு வார்த்தை சொல்ல?"

அவர் பையின் வாயை இழுத்துக் கட்டினார். "சரி. எப்ப வேணும்னாலும் கூப்பிடு. வந்துடறேன்."

"கூப்பிட்டாத்தான் வருவீங்களா?"

"கூப்பிட்டுத்தான் பாரேன்."

அவள் கூப்பிடவில்லை. அந்தப் பேச்சை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் தன் பக்கத்துப் பதில்களை இன்னும் கூர்மையாகத் திருத்திக்கொண்டே வந்தாள். எத்தனை திருத்தியும் கூப்பிடுகிற இடம் மட்டும் வரவில்லை. ஒரே வீட்டில் அவளுடன் இருந்த மாமியார் இதைப் பற்றிக் கருத்துச் சொல்லாத நாள் கிடையாது. "ஆளுக்கொரு கரையில நின்னுக்கிட்டு, படகை யாரு விடறதுன்னு பார்த்துட்டு இருக்கீங்க. இதுல அவனுக்குப் படகுக்காரன்னு பேரு."

படகுக்காரர் மலைக்குப் பின்னாலுள்ள துறையில் விசைப்படகு ஓட்டினார். அவள் மலைக்கு இந்தப் பக்கம், நகரத்து வானொலி நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள். அணையில் நீர் எவ்வளவு, மதகு திறக்கிறார்களா என்பதைத் தினமும் அவள்தான் படிப்பாள். அதனால் நிலையத்தில் அவளுக்குத் தண்ணி அக்கா என்று பெயர். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

படகுத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு நடைக்கு முன்பும் படகுக்காரர் வானொலியைக் கேட்பார். மதகு திறப்பதாக எச்சரிக்கை வந்தால் படகைக் கட்டிப்போட்டுவிட்டு எல்லோரையும் மேட்டில் ஏற்றிவிடுவார். ஒன்றும் வராவிட்டால் ஆறு சும்மா இருக்கிறது என்று அர்த்தம், படகு கிளம்பும். அணையின் சங்கொலி மலையைத் தாண்டாது. கைப்பேசிக் கோபுரமும் அங்கே இல்லை. துறையை ஒட்டிய கடையில் ஒரு தொலைபேசி இருந்தது, மழை பெய்தால் அது முதல் ஆளாக ஓய்வெடுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு படகு நிறைய மனிதர்களும் அவரும் பிழைத்துக் கிடப்பது அவள் குரலால்தான். மனைவி கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்டு போன மனிதர், தினமும் அவள் சொல்கிறபடிதான் நடந்துகொண்டிருந்தார் என்பதை மாமியார் ஒருவர்தான் கவனித்திருந்தார்.

இந்த ஏற்பாட்டில் நிலையம் டிஜிட்டல் ஒலிபரப்பைக் கொண்டுவந்து சேர்த்தது.

பழைய ஒலிபரப்பில் கரகரப்பு உண்டு. ஆனால் அது மலையைச் சுற்றிக்கொண்டோ மேலே ஏறிக் குதித்தோ எப்படியோ துறைக்குப் போய்விடும். புதியது அப்படி அலைகிற ரகம் இல்லை. கிடைத்தால் காதோரம் உட்கார்ந்து பேசுவதுபோலக் கிடைக்கும், கிடைக்காவிட்டால் சுத்தமாக ஒன்றுமில்லை. தொடக்க விழாவில் நிலைய இயக்குநர், இனி நம் எல்லைக்குள் ஒருவர்கூடக் கரகரப்பைக் கேட்கப் போவதில்லை என்று அறிவித்தார். மலைக்குப் பின்னால் இருப்பவர்களைப் பொறுத்தவரை அது முழு உண்மை.

துறைக்கும் ஒரு புதிய வானொலிப் பெட்டியை இலவசமாக அனுப்பிவைத்தார்கள். வாரக் கடைசியில் படகுக்காரர் கடைத் தொலைபேசியில் அம்மாவிடம் பேசுவார். அப்போது, புதுப்பெட்டி அழகாக இருக்கிறது, பச்சை விளக்குகூட எரிகிறது, ஆனால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது என்று சொன்னார். பழைய பெட்டிதான் பேசுகிறதாம். பழைய ஒலிபரப்பைச் சீக்கிரமே நிறுத்தப் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தண்ணி அக்காவுக்குத் தெரியும்.

மறுநாள் தலைமைப் பொறியாளரைப் போய்ப் பார்த்தாள். அவர் நல்ல மனிதர். சுவர் முழுக்க ஒரு வரைபடம் மாட்டியிருந்தார். சிக்னல் நன்றாக இருக்கும் இடமெல்லாம் பச்சை. மலைக்குப் பின்னால் மட்டும் வெள்ளையாக இருந்தது. அங்கே அளக்கவில்லையா என்று கேட்டாள்.

"அளக்காம இருப்போமா? வண்டி போச்சு, கருவியை வெளியே வச்சோம். கருவி எண்ணே காட்டலை."

"அப்ப சிக்னல் இல்லைன்னுதானே அர்த்தம்?"

"அதெப்படிம்மா? பூஜ்யம்னு காட்டியிருந்தா இல்லைன்னு எழுதலாம். பூஜ்யம் ஒரு அளவு. இது அளவே கிடையாது. அளவே இல்லாததைச் சராசரியில எப்படிச் சேர்க்கிறது?"

எண் கிடைத்த இடங்களை மட்டும் கூட்டிச் சராசரி எடுத்திருந்தார்கள். அது மிக நன்றாக வந்திருந்தது. அண்டை நிலையங்களைவிட நம்முடையது அதிகம் என்றும், அதற்காக ஒரு விருதுக்குப் பரிந்துரை போயிருக்கிறது என்றும் பொறியாளர் கூச்சத்துடன் சொன்னார். மலை உச்சியில் ஒரு துணைக் கோபுரம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் கோபுரம் கேட்க வேண்டுமானால் குறை இருக்க வேண்டும். குறை இருக்கிறது என்று காட்ட வேண்டுமானால் நேயர் ஒருவர் புகார் செய்ய வேண்டும். அங்கிருந்து இதுவரை ஒரு புகாரும் வரவில்லை.

"எங்க வீட்டுக்காரர் குடுப்பாரே" என்றாள்.

புகாருக்கும் ஒரு முறை இருந்தது. கேட்காதவர்களெல்லாம் சும்மா புகார் செய்துவிடக் கூடாது என்பதற்காக, டிஜிட்டல் நிகழ்ச்சியின் நடுவே தினமும் ஒரு சொல்லை ஒலிபரப்பினார்கள். அதற்கு அன்றைய சொல் என்று பெயர். புகார் செய்கிறவர் அன்றைய சொல்லைச் சரியாகச் சொன்னால்தான் அவர் உண்மையான நேயர். குறைதீர்ப் பிரிவில் இருந்த அம்மாள், பொய்ப் புகார்கள் இதனால் அடியோடு நின்றுவிட்டதாகவும், உண்மையில் புகார்களே நின்றுவிட்டதாகவும் பெருமையாகச் சொன்னார்.

தன் கணவருக்கு அந்த நிகழ்ச்சியே கேட்காது, அதுதான் புகாரே என்று தண்ணி அக்கா விளக்கிப் பார்த்தாள். அம்மாள் அவளைப் பரிவுடன் பார்த்தார். "கேட்காதவர் எப்படிம்மா நேயர் ஆவார்?"

அன்றைய சொல்லைப் படிப்பவளே தண்ணி அக்காதான் என்பதால் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. அதைவிட மோசமான யோசனை அவள் வாழ்க்கையில் தோன்றியதில்லை. அன்று மாலை கடைத் தொலைபேசிக்கு அவளே அழைத்தாள். படகுக்காரர் ஓடிவந்து எடுத்தார் என்பது மூச்சிரைப்பிலேயே தெரிந்தது. அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள். இன்றைய சொல் கண்ணாடி, அதைச் சொல்லிப் புகார் கொடுங்கள் என்றாள்.



"கூப்பிட்டியேன்னு பார்த்தேன்" என்றார் அவர். "வேற ஒண்ணும் சொல்லணுமா?"

"இல்லை. கண்ணாடி. அவ்வளவுதான்" என்று வைத்துவிட்டாள்.

பக்கத்தில் நின்ற மாமியார், "கண்ணாடியாம் கண்ணாடி. அதுல ரெண்டு பேரும் கொஞ்சம் முகத்தைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார்.

படகுக்காரர் சொன்னபடியே புகார் செய்தார். மறுநாள் நிலையமே கொண்டாட்டமாக இருந்தது. பொறியாளர் வரைபடத்தின் முன் நாற்காலி போட்டு ஏறி நின்று, மலைக்குப் பின்னால் ஒரு பச்சைப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து அன்றைய சொல்லைச் சரியாகச் சொல்லி ஒருவர் பேசியிருக்கிறார். ஆகவே அங்கே நிகழ்ச்சி தெளிவாகக் கேட்கிறது. அவர் என்ன புகார் சொன்னார் என்று தண்ணி அக்கா கேட்டாள். ஒன்றுமே கேட்கவில்லை என்றாராம். "அதை எவ்வளவு தெளிவா சொன்னார் தெரியுமா?" என்றார் பொறியாளர்.

ஒரு புள்ளி பச்சையானால் சுற்றியுள்ள இடமும் அதேபோல இருக்கும் என்று எடுத்துக்கொள்வது நிலையத்தின் நடைமுறை. மதியத்துக்குள் பள்ளத்தாக்கு முழுவதும் பச்சையாகிவிட்டது. ஆறும் படகுத் துறையும் பச்சைக்குள் போய்விட்டன.

கோபுரம் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய அந்த வாரமே ஆட்சிக்குழு கூடியது. தொகுத்து வழங்குவதற்காகத் தண்ணி அக்காவையும் உட்காரவைத்தார்கள். இயக்குநர் எழுந்து பேசினார். அவருக்கு நல்ல குரல்; பேச ஆரம்பித்தால் அவரே அதை ரசித்துக் கேட்பார்.

"முதலீடு என்பது தேவையைப் பொறுத்தது. நம்முடைய நேயர்கள், தங்களுக்குக் கேட்கவில்லை என்று புகார் சொல்லும் அளவுக்கு நம் நிகழ்ச்சிகளைக் கவனமாகக் கேட்கிறார்கள். இதற்கு மேல் ஒரு கோபுரம் எதற்கு? கோபுரம் போட்டால், இதுவரை அங்கே கேட்கவில்லையா என்று நாளை யாராவது கேட்பார்கள். கேட்காத கேள்விக்குக் கட்டடம் கட்டுகிற வழக்கம் நம்மிடம் இல்லை."

மூத்த உறுப்பினர் ஒருவர் கண்விழித்து, இதைவிடச் சுருக்கமாகத் தான் கேட்டதே இல்லை என்று பாராட்டினார்.

தண்ணி அக்கா எழுந்து நின்றாள். அந்தச் சொல்லைத் தன் கணவருக்குத் தொலைபேசியில் சொன்னது தான்தான் என்றாள். அவருக்கு எதுவும் கேட்பதில்லை, பழைய ஒலிபரப்பை நிறுத்தினால் எச்சரிக்கை தெரியாமல் படகை ஆற்றில் விட்டுவிடுவார் என்றாள்.

இயக்குநரின் முகம் கனிந்தது. அவர் உறுப்பினர்களிடம் திரும்பினார். "பார்த்தீர்களா? தொழில்நுட்பம் போகாத இடத்துக்கும் நம் ஊழியர்களின் குடும்பம் போகிறது. ஒரு சொல் போய்ச் சேர்ந்ததா இல்லையா? எந்த வழியாகப் போனது என்று ஆராய்வது நம் வேலை அல்ல."

கைதட்டினார்கள். கோபுரம் வேண்டாம் என்று முடிவானது. அதற்கென்று ஒதுக்கியதைப் பழைய ஒலிபரப்பின் நிறைவு விழாவுக்கு மாற்றினார்கள். அதை நிறுத்துவதற்கு உண்மையில் ஒரு சிறிய கறுப்புப் பொத்தான் போதும். ஆனால் படத்தில் அது தெரியாது என்பதால், அதை எடுத்துவிட்டுப் பளபளப்பான பெரிய நெம்புகோல் ஒன்றைச் செய்யச் சொன்னார்கள்.

விழா நாளன்று விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. விழா மாலையில்தான். மலைக்குப் பின்னால் சந்தை முடிந்து ஊர் திரும்புகிறவர்களை ஏற்றிக்கொண்டு கடைசிப் படகு கிளம்புகிற நேரமும் அதுதான். நிலையத்தின் அரங்கில் மேடை போட்டு, அதன் நடுவே நெம்புகோலை நிறுத்தி, பழைய ஒலிபரப்பின் ஒலிவாங்கியை மேடைக்கே கொண்டுவந்திருந்தார்கள். காலையிலிருந்து அதில் வாத்திய இசை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

நிகழ்ச்சி நிரல் சுற்றறிக்கையாக வந்திருந்தது. தண்ணி அக்கா பிரியாவிடை உரையைப் படிக்க வேண்டும். கடைசிச் சொல் வணக்கம். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகே பொறியாளர் நெம்புகோலின் பூட்டை விடுவிக்க வேண்டும், அதன் பிறகே இயக்குநர் நெம்புகோலை இறக்க வேண்டும். ஒத்திகையில் ஒருமுறை இயக்குநர் அவசரப்பட்டு முன்பே இழுத்துவிட்டதால், வணக்கம் வராமல் எக்காரணம் கொண்டும், எவர் சொன்னாலும் பூட்டு விடுவிக்கப்படக் கூடாது என்று சிவப்பு எழுத்தில் சேர்த்து, இயக்குநரே கையெழுத்தும் போட்டிருந்தார்.

விழா தொடங்குவதற்குச் சற்று முன் அணையிலிருந்து தகவல் வந்தது. நீர் நிரம்பிவிட்டது, எல்லா மதகுகளையும் திறக்கப் போகிறார்கள்.

தண்ணி அக்கா அந்தத் தகவலை எழுதிய தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். டிஜிட்டலில் உடனே படித்தார்கள். பச்சைப் பகுதி முழுவதும் தெளிவாகப் போனது. பழையதிலும் படிக்க வேண்டும் என்று இயக்குநரிடம் கெஞ்சினாள். அவர் கண்ணாடி முன் நின்று தலையைச் சீவிக்கொண்டிருந்தார்.

"அது முறையில்லம்மா. பழையதுல எச்சரிக்கை படிச்சா, புதுசு எட்டலைன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதுவும் இன்னைக்கு."

"சார், அவர் படகை எடுத்துடுவார். ஜனங்க இருப்பாங்க சார்."

"அதான் அங்கே பச்சையா இருக்கே" என்றார் அவர்.

கடைத் தொலைபேசிக்கு அழைத்தாள். செத்துக் கிடந்தது. மறுபடி அழைத்தாள். மலைப்பாதையில் வண்டி போய்ச் சேருவதற்குள் இருட்டிவிடும். அரங்கின் பெரிய கடிகாரம் அவள் தலைக்கு மேலேயே மாட்டியிருந்தது, அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சந்தைக்காரர்கள் இப்போது துறையில் கூடைகளுடன் நிற்பார்கள். அவர் பழைய பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து வாத்திய இசை முடியக் காத்திருப்பார். அது முடிந்து ஒன்றும் வராவிட்டால், ஆறு சும்மா இருக்கிறது.

விழா தொடங்கிவிட்டது. முதல் நிகழ்ச்சியாக, மலைக்குப் பின்னாலிருந்து பேசிய முதல் நேயரின் தாயாரைக் கௌரவித்தார்கள். மாமியார் நல்ல புடவையில் மேடையேறி, கேடயத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"எம்மவன் ஒண்ணும் கேக்கலைன்னு சொன்னான். அதுக்கு இதைக் குடுக்கறீங்க. ஏதாவது கேட்டிருந்தா என்ன குடுத்திருப்பீங்களோ" என்றார்.

அரங்கம் ரசித்துக் கைதட்டியது. இயக்குநர் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். மாமியார் கீழே இறங்கும்போது மருமகளின் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த தகவலையும் பார்த்தார். முன்வரிசையில் உட்கார்ந்து கேடயத்தை மடியில் இறுக்கிக்கொண்டார்.

பிறகு இயக்குநரின் உரை. ஒரு நிலையத்தின் வலிமை சிக்னலில் இல்லை, அதன் மேல் அது வைத்திருக்கும் நம்பிக்கையில் இருக்கிறது என்றார். மழை கூரையில் கொட்டுகிற சத்தத்தில் பின்வரிசைக்கு அவர் பேசியது கேட்கவில்லை. அவர்கள் புகார் செய்யவில்லை.

வாத்திய இசை நின்றது. ஒலிவாங்கியில் சிவப்பு விளக்கு எரிந்தது. இயக்குநர் நெம்புகோலில் கை வைத்துப் படத்துக்கு ஏற்றபடி நின்றார். பொறியாளர் பூட்டில் விரலை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துத் தலையாட்டினார்.

தண்ணி அக்கா உரையைப் பிரித்தாள். "அன்பு நேயர்களே, நீண்ட காலமாக உங்கள் இல்லங்களில் ஒலித்த இந்த ஒலிபரப்பு இன்றுடன் விடைபெறுகிறது" என்று படித்தாள். அவளுடைய குரல் தினமும் இருப்பதுபோலவே இருந்தது. அடுத்த வரியைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். பிறகு அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையிலிருந்த மற்றதைப் படித்தாள்.

"எச்சரிக்கை. அணையின் எல்லா மதகுகளும் இப்போது திறக்கப்படுகின்றன. மலைக்குப் பின்னாலுள்ள படகுத் துறைக்கு இது. படகை எடுக்காதீர்கள். எல்லோரும் மேட்டில் ஏறிவிடுங்கள். எச்சரிக்கை."

இயக்குநரின் புன்னகை முகத்தில் அப்படியே இருந்தது, படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உதடு அசையாமல், "விடுய்யா பூட்டை" என்றார்.

"சொல் வரலை சார்" என்றார் பொறியாளர்.

"நான் சொல்றேன்ல."

"எவர் சொன்னாலும்னு போட்டிருக்கு சார். நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க." அவருடைய விரல் பூட்டின் மேலிருந்து அசையவில்லை.

இயக்குநர் நெம்புகோலைப் பிடித்து இழுத்தார். நிறைய செலவு செய்த பொருள், உறுதியாக நின்றது. அவர் அவள் பக்கம் திரும்பி, வணக்கம் சொல்லும்மா, சொல்லிவிடு என்று வாயசைத்தார். அவள் எச்சரிக்கையை மறுபடி படித்தாள். மூன்றாம் முறையும் படித்தாள். படித்து முடித்ததும் சொல்ல வேறொன்றும் இல்லை. சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அந்த வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம், மலைக்கு அந்தப் பக்கம், மழைக்கோட்டுப் போட்ட ஒருவர் பெட்டியின் பக்கம் குனிந்திருப்பாரா, அல்லது ஏற்கெனவே படகின் கயிற்றை அவிழ்த்திருப்பாரா என்று அவளுக்குத் தெரியாது. அதைக் காட்டும் கருவி அந்த நிலையத்தில் இல்லை. முன்வரிசையில் மாமியார் கேடயத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"நான்தான் பேசறேன்" என்றாள் தண்ணி அக்கா. அது அறிவிப்பாளரின் குரல் இல்லை. சமையலறையில் பேசுகிற குரல். கரகரத்தது. "கூப்பிட்டா வருவேன்னு சொன்னீங்க. நான் எத்தனையோ தடவை கூப்பிட நினைச்சு, கண்ணாடி, தண்ணி, மதகுன்னு என்னென்னவோ சொல்லிட்டு வச்சுட்டேன். படகைக் கட்டிட்டு, அவங்களையெல்லாம் ஏத்திவிட்டுட்டு, நீங்களும் மேல ஏறுங்க. ஆறு வடிஞ்சதும் அங்கே நிக்க வேண்டாம்."

இயக்குநர் இன்னும் நெம்புகோலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்கு வந்துடுங்க."